முப்பத்தேழாவது கேள்விக்கு என் திருத்திய பதில்

பாப்பா,

இதை உன் பரீட்சை அட்டையில், கிளிப்புக்கு அடியில் செருகி வைக்கப்போகிறேன். நாளைக் காலையில் ஏதோ ஒரு தெருவில், யார் வீட்டு வாசலிலோ செருப்பைக் கழற்றிவிட்டு, "வணக்கங்க, இதய நோய் ஆராய்ச்சிக்காக வந்திருக்கோம்" என்று நீ அட்டையைத் தூக்கும்போது முதல் தாளாக இதுதான் கண்ணில் படும். அந்த வீட்டுக்காரரைக் காக்க வைக்காதே. அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டு முடித்துவிட்டு, நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து படி. காலையில் சாப்பிடவில்லையென்றால் முதலில் இரண்டு இட்லி, பிறகு இது. அந்த வீட்டுக்காரர் சொன்ன பதில்களையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்த்துக்கொள். ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

ஒரே வீட்டில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிப்பாய். என் வாயை நான் நம்புவதில்லை, அதுதான் காரணம். முப்பத்திரண்டு வருஷமாகத் தி. நகரில் பட்டுப்புடவை விற்கிற வாய் இது. எதற்குத் திறந்தாலும் "உங்களுக்குன்னே நெய்ஞ்ச மாதிரி கீதும்மா" என்றுதான் ஆரம்பிக்கும். கை பரவாயில்லை. பத்தாம் வகுப்பை இரண்டாம் முறை எழுதித் தேறிய கை. பொய்யை ஜோடித்து எழுதுகிற அளவுக்கு அதற்கு இலக்கணம் தெரியாது. இன்று எனக்கு வார விடுமுறை. உன் அம்மா காய் வாங்கப் போயிருக்கிறாள். நீ பிழையாகிவிட்டது என்று ஒதுக்கி வைத்த படிவங்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பின்பக்கத்தில் நான், முன்பக்கத்தில் யாரோ ஒருவருடைய இடுப்பளவு.

மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். அடையாறில் இந்த வேலை கிடைத்த புதிது. வீடு வீடாகப் போகும் முன்னால் யாரையாவது வைத்துப் பழகிக்கொள்ளச் சொன்னார்கள் என்று என்னைக் கூடத்து நாற்காலியில் உட்கார வைத்தாய். சொந்தக்காரர் என்று பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்பது உங்கள் அலுவலகத்து விதியாம். அதனால் பெற்ற அப்பனை "சார்" என்று கூப்பிட்டாய். உன் அம்மா, வீட்டுக்கு ஆராய்ச்சி வந்திருக்கிறது என்ற மரியாதையில் கேசரி கிளறிக்கொண்டிருந்தாள்.

"சார், உங்க வயசு?"

"ஏம்மா, உனக்குத் தெரியாதா?"

"கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுங்க சார். சிகரெட் பிடிப்பீங்களா?"

"எப்பவாச்சும்."

"எப்பவாச்சும்னா வாரத்துக்கு எத்தனை?"

"எதுனா விசேஷம்னா ஒண்ணு."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அவருக்குத் தினம் மூணு விசேஷம். அப்படியே எழுதிக்க."

உடற்பயிற்சி உண்டா என்று கேட்டாய். நாள் முழுக்க நிற்கிறேன் என்றேன். நிற்பது உடற்பயிற்சி இல்லை என்றாய். புடவையைத் தூக்குகிறேன், பிரிக்கிறேன், மடிக்கிறேன், இதற்குமேல் என்ன வேண்டும் என்றேன். நீ என்ன எழுதினாய் என்று எட்டிப் பார்த்தேன். "குறைவு" என்று எழுதியிருந்தாய். பிறகு டேப்பை எடுத்து இடுப்பை அளந்தாய். "மூச்சை விடுங்க சார்" என்றாய். விட்டுவிட்டேன் என்றேன். "இல்ல சார். மூச்சை விடலை, வயித்தையும் உள்ள இழுத்து வெச்சிருக்கீங்க. விடுங்க" என்றாய். டேப்பைப் பிடிக்கிற வித்தையெல்லாம் தெரிந்த துணிக்கடைக்காரன் நான். துணியை இழுத்து அளந்தால் கஸ்டமருக்கு நஷ்டம். வயிற்றை இழுத்து அளந்தால் யாருக்கு நஷ்டம் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

அப்பா, அம்மா பற்றிய பக்கம் வந்தது. "உங்க அப்பா எப்படி இறந்தார் சார்?" என்றாய். "பஸ்ல போய்ட்டாரு" என்றேன். நீ நிமிராமலே "விபத்து" என்று எழுதினாய். சின்ன வயதிலிருந்து கேட்ட கதைதானே. அடுத்தது முப்பத்தேழாவது கேள்வி. அந்த எண்ணை நான் மறக்கவில்லை. கேசரி நெய் பட்டு அந்த இடத்தில் மட்டும் தாள் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது.

"உங்க ரத்த சொந்தத்துல, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, தாத்தா, பாட்டி, யாருக்காவது சின்ன வயசுலயே மாரடைப்பு வந்திருக்கா? நெஞ்சு வலியில யாராவது திடீர்னு இறந்திருக்காங்களா சார்?"

"அதெல்லாம் எங்க குடும்பத்துல கிடையாதுங்க."

பெற்ற மகளுக்கு "ங்க" போட்டேன். நீ விதியெல்லாம் மறந்து பேனாவைக் கீழே வைத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "அப்பா! நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்?" உன் அம்மா கரண்டியோடு வந்து நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நீ "இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ விளையாட்டாகச் சொன்னது ஏற்கெனவே நடந்திருந்தது. அதற்கு முந்தின மாதம் திருவான்மியூரிலிருந்து உன்னைப் பார்க்க வந்தார்கள் அல்லவா? அதே கூடம், அதே நாற்காலி, அதே கேசரி. வருங்காலச் சம்பந்தி நாசூக்காகக் கேட்டார்: "சுகர், பிரஷர், ஹார்ட்டு, அந்த மாதிரி குடும்பத்துல எதாவது?" நான் சொன்னது இதே வாக்கியம், ஓர் எழுத்து பிசகாமல். கூடத்தில் உட்கார்ந்து, கேசரி வாசனையில், எதிரில் ஒருவர் குடும்பத்தில் வியாதி உண்டா என்று கேட்டால் என் நாக்குக்கு வேறு பதில் தெரியவில்லை. அறிவு கெட்டவன் என்று என்னை மட்டும் திட்டாதே. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் உங்களுக்குக் கிடைத்திருக்கிற "இல்லை"களில் எத்தனை, உள்ளறையில் கல்யாண வயதில் பெண் இருப்பதால் வந்த "இல்லை" என்று உங்கள் பெரிய டாக்டர்கள் யாராவது யோசித்துப் பார்க்க வேண்டும். முப்பத்தேழாவது கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி சேர்க்கலாம்: "வீட்டில் யாருக்காவது வரன் பார்க்கிறீர்களா?" இது என் யோசனை. இலவசம்.

இனிமேல் வருவதை நான் இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. கூடத்துப் படத்தில் காக்கிச் சட்டையோடு இருக்கும் என் அப்பாவுக்கு அடிக்கடி நெஞ்சை அடைக்கும். வீட்டில் அதற்குப் பெயர் வாயு. வாயுவுக்கு மருந்து சோடா. தெற்கு மாட வீதி முனையில் இருந்த கடையிலிருந்து வாங்கி வந்து கொடுத்தால் மடமடவென்று குடிப்பார், பெரிதாக ஓர் ஏப்பம் வரும், "போச்சு" என்று சிரிப்பார். எங்கள் குடும்பத்தின் மொத்த மருத்துவ ஞானமும் அந்த ஏப்பம்தான். அவர் போன அன்றைக்குக் காலையில் இரண்டு சோடா குடித்தும் அது வரவில்லை. வாங்கி வந்தது நான்தான். எனக்குப் பதினாறு வயது, பத்தாவதில் தவறியிருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமல் பாட்டிலை நீட்டினேன். என் மேல் கோபம் அவருக்கு, பேசாமல் வாங்கிக்கொண்டார். சட்டை முதுகு முழுக்க வியர்வை. "லீவு போட்டுடேன்யா" என்று என் அம்மா சொன்னாள். "ஒரு ஏப்பம் வந்தா சரியாப் பூடும்" என்று சொல்லிவிட்டு, கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு போனார். லஸ் முனையில் பஸ் திரும்பும்போது தன் சீட்டில் போய் உட்கார்ந்தாராம். அடுத்த நிறுத்தத்தில் விசில் வரவில்லை. கண்டக்டர் தூங்குகிறார் என்று ஜனங்கள் கேலி பேசினார்களாம். நாற்பத்தைந்து வயது, பாப்பா.

ஆஸ்பத்திரியில் மாரடைப்பு என்று தெளிவாகத்தான் சொன்னார்கள். ஆனால் உன் அத்தைக்கு அப்போது வரன் பேசி முடித்திருந்தது. பெண்ணின் அப்பாவுக்கு நெஞ்சு வியாதி என்று தெரிந்தால் என்ன ஆகுமோ என்ற பயம். "பஸ்ஸுல போய்ட்டாரே" என்று என் அம்மா அழுதாள். அது உண்மைதான். கேட்டவர்கள் அதை விபத்து என்று எடுத்துக்கொண்டார்கள். நாங்கள் யாரும் திருத்தவில்லை, அவ்வளவுதான். அத்தை கல்யாணம் நல்லபடி நடந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக அதையே சொல்லிச் சொல்லி, சில நாள் எனக்கே பிரேக் பிடிக்கிற சத்தம் காதில் கேட்கும். திருவான்மியூர்க்காரர்கள் வந்த அன்றைக்கும் அதுதான் நடந்தது. "உங்க அப்பா?" என்றார். "பஸ்ல போய்ட்டாருங்க" என்றேன். "அடடா, ஆக்சிடென்ட்டா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். தலை குனிவது பொய்யில் சேராது என்று எனக்கு ஒரு கணக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பதினோராம் வகுப்பில் உன் பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். நான் அனுப்ப மாட்டேன் என்றேன். நீ மூன்று நாள் அழுதாய். "கஞ்சன்" என்று என் காதில் விழும்படியே சொன்னாய். அந்தப் பெயரை அப்படியே வாங்கி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் உண்மைக் காரணம் அதைவிட வெட்கக்கேடு. அந்த வருஷம் எனக்கு நாற்பத்தைந்து, உனக்குப் பதினாறு. அந்த இரண்டு எண்களும் ஒன்றாக வந்ததிலிருந்து எனக்கு நடுக்கம். கடையில் இரண்டு படி ஏறினால் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொள்வேன். மாலையில் கோயில் குளத்துப் படியில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். நீ மலை மேல் எங்கோ பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது நான் போய்விட்டால், கடைசியாக உன்னோடு என்ன பேசினேன் என்பது கூட நினைவில்லாமல் போய்விடுமே என்று பயந்தேன். ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்திருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். அதற்குப் பதிலாக உன் ஊட்டியைப் பிடுங்கிக்கொண்டேன். நாற்பத்தாறு ஆன அன்றைக்குக் காரணமே சொல்லாமல் உங்கள் இருவருக்கும் ஐஸ்கிரீம் வாங்கி வந்தேன். "என்ன விசேஷம்?" என்று உன் அம்மா கேட்டாள். சும்மா என்றேன்.

நீ பயிற்சிக்காக என்னிடம் எழுதிய படிவம் கணக்கில் சேராது என்று சொன்னாய். அதை வைத்துக் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்தேன். ஆனால் உங்கள் ஆராய்ச்சிக்காகச் சீட்டுக் குலுக்கி எடுத்த தெருக்களில் நம் தெருவும் விழுந்தது. உன்னோடு வேலை பார்க்கிற பெண் அட்டையோடு வந்தாள். இது கணக்கில் சேரும் படிவம். மாற்றிச் சொன்னால் முதலில் சொன்னது பொய்யாகிவிடுமே என்று, முதல் பொய்க்கு மரியாதை கொடுத்து அதையே சொன்னேன். அந்த வாரம் சாப்பிடும்போது நீ, வேலை செய்கிறவர்களும் தங்களுக்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும் என்றாய். "எனக்கு ஈஸிப்பா. முப்பத்தேழுல ஒரே டிக். இல்லை." நான் இன்னொரு கரண்டி ரசம் ஊற்றிக்கொண்டேன். என் பொய் உன் கையெழுத்தில் போய் உட்கார்ந்துவிட்டது.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னாய். மாரடைப்பு வந்த நாளில் வருவதில்லை, உப்பு, புகை, கொழுப்பு, பிரஷர், உட்கார்ந்த உடம்பு, குடும்ப வழி எல்லாம் சேர்ந்து இருபது, முப்பது வருஷம் உள்ளுக்குள் வேலை செய்துவிட்டுத்தான் ஒரு நாள் வெளியே தெரியும் என்று. எனக்கு அது சட்டென்று புரிந்தது. கடைக்குச் சிலர் கல்யாணப் பட்டைக் கொண்டு வந்து சண்டை போடுவார்கள், எடுத்துக் கட்டும்போதே கிழிந்துவிட்டது என்று. பார்த்தால் மடிப்பு நெடுகக் கிழிந்திருக்கும். பத்து வருஷம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்திருக்கிறது. பட்டு மடிப்பில்தான் இற்றுப்போகும். வருஷத்துக்கு இரண்டு தடவை பிரித்து, மடிப்பை மாற்றி மடித்து வைத்தால் பேத்தி காலம் வரை வரும். "ஐயோ அப்பா, இதை எங்க டிரெய்னிங்ல சொல்லலாம்" என்று நீ சந்தோஷப்பட்டாய். எங்கள் குடும்பத்து மடிப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நான் உனக்குக் காட்டவில்லை.

போன ஞாயிறு அது நடந்தது. லிஃப்ட் வேலை செய்யவில்லை, தண்ணீர்க்காரர் கேனைக் கீழேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் எடுத்து வருகிறேன் என்றாலும் விடாமல் நீயே மூன்று மாடி தூக்கி வந்தாய். கேனைக் கூடத்தில் இறக்கிவிட்டு, நெஞ்சின் நடுவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாய்.

"இன்னாம்மா?"

"ஒண்ணும் இல்லப்பா. அசிடிட்டி. காலைல சாப்பிடல. ஒரு ஏப்பம் வந்தா சரியாயிடும்."

பாப்பா, நீ உன் தாத்தாவைப் பார்த்ததே இல்லை. அந்த வாக்கியம் உனக்கு ரத்தத்தில் வரவில்லை, என் வாய் வழியாக வந்தது. போன வருஷம் மாம்பலம் ஸ்டேஷன் படியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டு, வீட்டில் வந்து கேஸ்ட்ரிக் என்று சொல்லி நானும் அதையேதான் சொன்னேன். அவர் வாயு என்றார், நான் கேஸ்ட்ரிக் என்றேன், நீ அசிடிட்டி என்கிறாய். மூன்று தலைமுறையில் வார்த்தை மட்டும்தான் படித்து முன்னுக்கு வந்திருக்கிறது. உனக்கு வெறும் பசிதான் என்று நீ சத்தியம் செய்வாய். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு அதுவாகத்தான் இருக்கும். ஊரையே உட்கார வைத்து நெஞ்சு வலியை அலட்சியம் பண்ணாதீர்கள் என்று சொல்கிற பெண், தனக்கு வந்ததும் ஏப்பத்துக்குக் காத்திருந்தாள். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்ற தைரியம்தானே அது? அந்தத் தைரியத்தைக் கொடுத்தவன் நான்.

திங்கட்கிழமை கடையில் என் மூஞ்சியைப் பார்த்ததும் சலீம் பாய் பிடித்துக்கொண்டார். பட்டுப் பிரிவில் இருபது வருஷமாக எனக்குப் பக்கத்துக் கவுண்ட்டர், உனக்குத் தெரியும்.

"இன்னா நைனா, மூஞ்சி செத்துக் கீது? கல்யாணம் பொண்ணுக்கா, உனக்கா?"

முழுதும் சொன்னேன்.

"உங்க அப்பா பஸ்ல அடிபட்டுப் பூட்டார்னுதானே இத்தினி நாளா சொல்லிகினு இருந்தே?"

"பஸ்லதான் போனாரு பாய். அடிபடல."

கையிலிருந்த புடவையை அவர் மடித்து முடித்தார். பிறகு, "பொண்ணு வூடு வூடா போயி ஊரு நெஞ்சைக் கேட்டுகினு கீது. நீ வூட்டுக்குள்ள குந்திகினு அதும் காதுல பூ சுத்திகினு கீறே. இன்னா அப்பன்யா நீ?" என்றார். திட்டிக்கொண்டே என் சட்டைப் பையிலிருந்த சிகரெட்டை எடுத்துக் குப்பையில் போட்டார். அரை நாள் லீவு சொல்லி என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார். அந்த டாக்டரும் அதே கேள்வியைக் கேட்டார். குடும்பத்தில் யாருக்காவது? கேசரி வாசனை இல்லாததாலோ, பாய் பக்கத்தில் முறைத்துக்கொண்டு இருந்ததாலோ, "ஆமாங்க, எங்க அப்பாவுக்கு, நாப்பத்தஞ்சு வயசுல" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்விக்கு "ஆமாம்" என்றது நாற்பத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. சொன்னதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் ஊசிக்குப் பயம் என்று நினைத்துக்கொண்டு, "இன்னும் குத்தவே இல்லையே சார்" என்றார். ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பிரஷர் நிறைய இருக்கிறதாம், மாத்திரை கொடுத்திருக்கிறார். ஓடும் மெஷினில் நடக்க வைத்துப் பார்க்க அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார். பயப்படும்படி இல்லை, விளையாடும்படியும் இல்லை என்றார். அன்றைக்குச் சாயங்காலம் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஊறுகாய் ஜாடியைத் தூக்கிப் பரண் மேல் வைத்தாள். அதுதான் தீர்ப்பு. அத்தைக்கு போன் செய்தேன். "எனக்காகத்தானேடா" என்று ஐந்து நிமிஷம் அழுதாள், பிறகு பத்து நிமிஷம் திட்டினாள். அவளும் நாளை ரத்தம் கொடுக்கப் போகிறாள்.

நேற்று காலையில் திருவான்மியூர் போனேன். உன்னிடம் கேட்காமல் போனது தப்பு. ஆனால் அந்தப் பொய்யை அந்த வீட்டுக் கூடத்துக்கு அனுப்பியவன் நான், திரும்ப எடுத்து வர வேண்டியவனும் நான்தான். கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் குறித்திருக்கிற நேரத்தில், பஸ் கதையைப் பிரித்து அவர்கள் முன்னால் வைத்தேன். சம்பந்தி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மாதான் கேட்டார்கள்: "அப்போ, பொண்ணுக்கும் வருமா?"

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எங்கள் வீடு நாற்பத்திரண்டு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தது. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். "தெரியலீங்க. வரும்னு சொல்ல முடியாது. வராதுன்னு இனிமே நான் சொல்ல மாட்டேன். முன்னாடியே தெரிஞ்சா நிறையத் தடுத்துக்கலாம்னு எம் பொண்ணுதான் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கு. நீங்க யோசிக்கணும்னா யோசிங்க. ஆனா ஏமாத்திக் குடுத்தேன்னு பின்னாடி ஒரு நாள் எம் பொண்ணைப் பாத்து யாரும் சொல்லிடக் கூடாது" என்றேன். அவ்வளவு நீளமாக, புடவையைப் பற்றி இல்லாமல், நான் பேசியதே கிடையாது.

சம்பந்தி எழுந்து பூஜை அலமாரிக்குப் போனார். சாமி படங்களுக்குப் பின்னாலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் திறந்தார். உள்ளே அடுக்கடுக்காக மாத்திரை அட்டைகள்.

"ஏங்க!" என்றார்கள் சம்பந்தியம்மா.

"என்ன ஏங்க? மனுஷன் வீடு தேடி வந்து சொல்றார். சம்பந்தி, எனக்கு ஹார்ட்ல ரெண்டு ஸ்டென்ட் வெச்சிருக்கு. மூணு வருஷமாச்சு. நீங்க வர்றப்பல்லாம் இந்த டப்பா சாமிக்குப் பின்னாடி போயிடும். பையன் மொத நாளே சொல்லிடலாம்னான். ஜாதகத்துல இல்லாததை நாம ஏன்டா சொல்லணும்னு நான்தான் அவன் வாயை அடைச்சு வெச்சிருக்கேன்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் யார் சிரித்தோம் என்று தெரியவில்லை. "மெதுவா சிரிங்க, ரெண்டு பேருக்கும் ஆகாது" என்று சம்பந்தியம்மா சொன்னதும் இன்னும் அதிகமானது. அவர்கள் வழக்கப்படி கேசரிக்கு ரவையை எடுக்கப் போய், பாதியில் திரும்பி வந்து, உப்பில்லாத மோர் கொடுத்தார்கள். வாயில் வைக்க முடியவில்லை. குடித்தேன். கிளம்பும்போது வாசல் வரை வந்து, "பொண்ணைக் காலைல சாப்பிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்கள். அதைவிடப் பெரிய சம்மதம் எனக்குத் தேவைப்படவில்லை.

இந்த ஸ்டென்ட் விஷயத்தை இரண்டொரு நாளில் மாப்பிள்ளையே உன்னிடம் சொல்வார். அவர் சொல்லும்போது அப்போதுதான் கேட்பது போல ஆச்சரியப்படு என்று எழுத வந்தேன். பார்த்தாயா, பொய்யைத் திருத்துகிற கடிதத்திலேயே உனக்குப் பொய் கற்றுக்கொடுக்கிறேன். வேண்டாம். அப்பா சொல்லிவிட்டார் என்று சொல். அவர் மேல் கோபப்பட்டால் கொஞ்சமாகப் படு. அப்பாக்களுக்காக வாயை மூடிக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உன்னிடம் கேட்பது இரண்டுதான். சனிக்கிழமை காலை, மந்தைவெளி லேபில் நம் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்திருக்கிறேன். வெறும் வயிற்றோடு வர வேண்டும், அதில் உனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது. ரத்தம் கொடுத்துவிட்டு அப்படியே டாக்டரிடம் போய் அந்த ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் கை வைத்ததைச் சொல். அசிடிட்டிதான் என்று அவர் சொல்லட்டும், நீ சொல்லாதே. இரண்டாவது, நீ கட்டப்போகிற குடித்தனத்தில் எந்த அலமாரிக்குப் பின்னாலும் டப்பா வேண்டாம். நாளைக்கு உன் பிள்ளை கேட்டால், தாத்தாவுக்கு நெஞ்சு வியாதியும் இருந்தது, பொய் சொல்கிற வியாதியும் இருந்தது என்று சொல்லிவிடு. மடிப்பு எங்கே என்று தெரிந்துவிட்டால் மாற்றி மடிப்பது பெரிய வேலையில்லை.

உங்கள் அலுவலகத்தில் திருத்தம் ஏற்றுக்கொள்வார்களா தெரியாது. இல்லையென்றால் அந்தப் பெண்ணை மறுபடி வரச் சொல், இந்த முறை வெறும் தண்ணீர்தான் கொடுப்போம். சிகரெட், தினம் மூன்று, திங்கட்கிழமை வரை. உடற்பயிற்சி, நீ எழுதியதே சரி. அப்பா இறந்தது பஸ்ஸில்தான், ஆனால் விபத்தில் அல்ல. முப்பத்தேழாவது கேள்விக்கு, ஆமாம். என் அப்பாவுக்கு, நாற்பத்தைந்தாவது வயதில். நான் வாங்கி வந்த சோடாவைக் குடித்துவிட்டுப் போனார். உன் சொந்தப் படிவத்திலும் அந்த டிக்கை அழித்துவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் போடு.

இடுப்பளவும் தப்புதான். சனிக்கிழமை டேப்பைக் கையோடு எடுத்து வா. மூச்சை விட்டுவிட்டேன், பாப்பா. அளந்துகொள்.

உன் முதல் சார்